கவச உடைக்குள் இரண்டு மணி நேரம்: பாதுகாப்புக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

பாதுகாப்புக் குழுவினருக்கும், இந்த உத்தரவில் கையெழுத்துப் போட்ட நிர்வாகத்தினருக்கும்,

ரசாயனத் தொட்டிகளைச் சுத்தம் செய்யும் பிரிவில், முழு உடல் கவச உடை போட்டு உள்ளே இறங்குகிறவர்கள் இனி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் வெளியே வரலாம் என்று சுற்றறிக்கை ஒட்டியிருக்கிறீர்கள். அதைத் தாங்கக் கூடியவர் யார் என்று பார்க்க ஒரு 'தாங்கும் திறன் சோதனை' வைக்கப் போவதாகவும் அதில் இருக்கிறது. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு தாள். நேரம் முடிவதற்கு முன்பே வெளியே வந்தவர்களின் பெயர்ப் பட்டியல்.

பல வருடங்களாக இந்த உடைக்குள் வேலை பார்ப்பவன் நான். இப்போது உள்ளே இறங்கும் குழுவுக்குப் பொறுப்பும் என்னிடம்தான் இருக்கிறது. யாரை உள்ளே அனுப்புவது, யாரை எப்போது வெளியே கூப்பிடுவது என்று முடிவு செய்வது என் வேலை. இந்த உத்தரவின்படி அந்த வேலையைச் செய்தால் என் ஆட்களில் ஒருவர் சாவார் என்று நான் உறுதியாக நம்புகிறேன். அதனால்தான் உங்கள் அறைக்கு வந்து சொல்லாமல் எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

கவச உடைக்குள் ஒருவர் எவ்வளவு நேரம் இருக்கலாம் என்பதை அவருடைய மனவுறுதி தீர்மானிப்பதில்லை. என்ன உடை, என்ன வேலை, சுற்றிலும் எவ்வளவு வெப்பம், இவைதான் தீர்மானிக்கின்றன. உங்கள் சுற்றறிக்கை இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறது.

உடல் வேலை செய்யும்போது செலவாகும் ஆற்றலில் கால் பங்குக்கும் குறைவாகத்தான் வேலையாக மாறுகிறது, மீதி முழுக்க வெப்பம். சாதாரண உடையில் அந்த வெப்பம் வியர்வை உலரும்போது வெளியே போய்விடும். ஒரு லிட்டர் வியர்வை முழுசாக உலர்ந்தால் கிட்டத்தட்ட 2,400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகும், உடலுக்கு இதைவிடப் பெரிய குளிர்விக்கும் வழி கிடையாது. ஆனால் உலர வேண்டும். நாங்கள் போடும் உடை ரசாயன ஆவியை உள்ளே விடாது, அதே காரணத்தால் நீராவியை வெளியேயும் விடாது. போட்டுச் சில நிமிடங்களிலேயே உள்ளே இருக்கும் காற்று ஈரத்தால் நிறைந்துவிடும். அதற்குப் பிறகு வியர்வை உலராது, வழியும். முதுகில் இறங்கி, காலில் இறங்கி, பூட்ஸுக்குள் தேங்கும். வெளியே வந்து மணிக்கட்டில் சுற்றிய டேப்பைப் பிய்த்துக் கையுறையைக் கழற்றி, விரல்களைக் கீழ்நோக்கிப் பிடித்தால் அதிலிருந்து தண்ணீர் ஊற்றும். அப்படி ஊற்றும் தண்ணீர் உடலை ஒரு டிகிரிகூடக் குளிர்விக்கவில்லை, உடலிலிருந்து நீரை மட்டும் எடுத்துக்கொண்டது. அடுப்பை அணைக்காமல் மூடியை மட்டும் இறுக்கிவிட்டுக் காத்திருக்கிற மாதிரிதான் இது.

ஒரு கணக்கும் போட்டுக் காட்டுகிறேன், தோராயம்தான், ஆனால் உங்கள் இரண்டு மணி நேரத்துக்கு இதுவே போதும். 70 கிலோ எடையுள்ள உடம்பின் வெப்பநிலை 1 டிகிரி ஏற சுமார் 245 கிலோஜூல் வேண்டும். தொட்டிக்குள் படிந்திருப்பதைச் சுரண்டுவது, குழாய் பிடிப்பது, வாளி தூக்கிக் கொடுப்பது போன்ற நடுத்தர உழைப்பில் உடல் ஏறத்தாழ 300 வாட் செலவழிக்கும், அதில் பெரும்பகுதி வெப்பம். வெளியேற வழியே இல்லை என்றால் கால் மணி நேரத்துக்கு 1 டிகிரி ஏறும். சரி, உடை வழியாக எப்படியோ பாதி வெளியேறிவிடுகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்படியும் அரை மணிக்கு 1 டிகிரி. 37-இல் தொடங்குகிறவர் ஒரு மணி நேரத்தில் 39-இல் இருப்பார். நாள் முழுவதும் வெப்பத்தில் வேலை செய்பவரின் உள்ளுடல் வெப்பநிலை 38 டிகிரியைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 1969-லேயே சொல்லிவிட்டது. 40-ஐத் தொட்டால் ஹீட் ஸ்ட்ரோக், அதாவது உயிருக்கே ஆபத்தான வெப்பத்தாக்கு, என்கிற இடம். இரண்டு மணி நேரம் என்ற எண்ணை நீங்கள் எந்தக் கணக்கிலிருந்து எடுத்தீர்கள் என்று சுற்றறிக்கையில் இல்லை.

வெயில் அதிகம் இல்லை, தொட்டி நிழலில்தான் இருக்கிறது என்று கூட்டத்தில் ஒருவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். வெப்பத்தை அளக்க உலகம் முழுக்கப் பயன்படுத்தும் அளவு டபிள்யூ.பி.ஜி.டி. வெறும் காற்றின் வெப்பநிலையை மட்டும் பார்க்காமல் ஈரப்பதம், வெயில் மற்றும் சுற்றியுள்ள சூடான பரப்புகளின் கதிர்வீச்சு, காற்றோட்டம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்வது அது. சர்வதேசத் தர நிர்ணய அமைப்பு 2017-இல் திருத்தி வெளியிட்ட ஐ.எஸ்.ஓ. 7243 தரம் இதைத்தான் வைத்துப் பேசுகிறது. வெப்பத்துக்குப் பழகிய ஆள் சாதாரண வேலை உடையில் நடுத்தர உழைப்பு செய்ய அதில் உள்ள எல்லை 28 டிகிரி. நீராவியை விடாத, தலையையும் மூடும் உடை போட்டிருந்தால் அளந்த எண்ணோடு 11 டிகிரி கூட்டிக்கொள்ளச் சொல்கிறது அதே தரம். பதினொன்று! அதாவது கருவி 24 காட்டும் ஒரு நாளில், நிழலில், எல்லோரும் இன்று பரவாயில்லை என்று சொல்லும் நாளில், எங்களுக்கு அது 35. சட்டையோடு நின்று பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. நம்மிடம் அந்தக் கருவி ஒன்றுகூட இல்லை. சுவரில் தொங்கும் சாதாரண வெப்பமானியைப் பார்த்துத்தான் முடிவு எடுக்கிறோம்.

அந்த அளவு எங்கே பிறந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் சோதனைக்கு அதுவே பதில். 1950-களில் அமெரிக்கக் கடற்படைத் துறையைச் சேர்ந்த மரீன் படையின் பயிற்சி முகாம்களில் வெப்பத்தால் வீரர்கள் விழுந்தார்கள், இறந்தார்கள். இளைஞர்கள், உடல் தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், தாங்கப் பழகுவதற்கென்றே வந்தவர்கள். அங்கே இன்னும் உறுதியானவர்களைத் தேடிப் போகவில்லை. வெப்பத்தை அளந்தார்கள், இந்த எண்ணைத் தாண்டினால் பயிற்சி நிற்கும் என்று விதி வைத்தார்கள், பாதிப்பு குறைந்தது. தாங்குவதையே தொழிலாக வைத்திருக்கும் ராணுவமே விட்டுவிட்ட வழியை நீங்கள் ஒரு தொழிற்சாலையில் தொடங்குகிறீர்கள்.

2014-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவியபோது சிகிச்சை மையங்களில் வேலை செய்தவர்களையும் நினைத்துப் பாருங்கள். உள்ளே நோயாளிகள் செத்துக்கொண்டிருந்தார்கள், ஆள் பற்றாக்குறை, ஒருவர் கூடுதலாகப் பத்து நிமிடம் நின்றால் யாரோ ஒருவருக்கு உதவியிருக்கும். அங்கேயும் கவச உடையில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்க விடவில்லை, தனியாகவும் அனுப்பவில்லை. உயிர் காக்கும் வேலைக்கே அவ்வளவுதான் நேரம் என்றால், ஒரு தொட்டியைச் சுரண்டுவதற்கு இரண்டு மணி நேரம் எதற்கு?

இப்போது பட்டியலுக்கு வருகிறேன்.

அதில் முதல் பெயருக்கு உரியவர் என் குழுவில் வேலை செய்யும் இளைஞர். விடுப்பு முடிந்து திரும்பிய முதல் நாளே அவருக்கு முழு வேலை கொடுக்கப்பட்டது. நான் வேண்டாம் என்று சொன்னேன், ஆள் இல்லை என்று பதில் வந்தது. உள்ளே போய் முக்கால் மணி நேரம் இருக்கும், ரேடியோவில் கூப்பிட்டேன். 'சரிண்ணே' என்றார். குழாயை எந்தப் பக்கம் நகர்த்தியிருக்கிறாய் என்று கேட்டேன், அதற்கும் 'சரிண்ணே'. மேன்ஹோல் வழியாக விளக்கை அடித்துப் பார்த்தால், சுரண்டி முடித்த இடத்தையே மறுபடி மறுபடி சுரண்டிக்கொண்டிருந்தார். நாங்கள் இருவர் இறங்கி அவரிடம் போய்ச் சேர்வதற்குள் அவர் கை தாடைக்குக் கீழே போய்விட்டது. முகமூடியின் பட்டையைத் தேடிக்கொண்டிருந்தது. ரசாயன ஆவி இருக்கும் தொட்டிக்குள், தன்னை உயிரோடு வைத்திருக்கும் ஒரே பொருளைக் கழற்றப் பார்த்தார், அதுவும் எந்தப் பதற்றமும் இல்லாமல், வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றுவதுபோல. வெப்பம் மூளையைத் தொடும்போது நடப்பது இதுதான். கை கால் ஓய்வதற்கு முன்பே புத்தி தடுமாறிவிடுகிறது, தடுமாறுகிறது என்று தெரிந்துகொள்ள வேண்டிய புத்தியே தடுமாறுவதால் அந்த ஆளால் உதவி கேட்க முடியாது.

வெளியே தூக்கி வந்து, உடையைக் கத்தரியால் வெட்டி எடுத்து, குழாய்த் தண்ணீரை உடம்பு முழுக்க அடித்தோம். முதலுதவி அறையிலிருந்து வந்தவர் ஆம்புலன்ஸ் வரட்டும், அதுவரை நிழலில் படுக்க வையுங்கள் என்றார். ஹீட் ஸ்ட்ரோக்கில் முதலில் குளிர்விக்க வேண்டும், அப்புறம்தான் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும். உடல் வெப்பத்தை அரை மணி நேரத்துக்குள் 40-க்குக் கீழே கொண்டுவர முடிந்தால் பிழைக்கும் வாய்ப்பு மிக அதிகம், அதற்குச் சிறந்த வழி பனிக்கட்டி போட்ட தண்ணீரில் கழுத்து வரை முக்கி வைப்பது. நம்மிடம் தொட்டியும் இல்லை, பனிக்கட்டியும் இல்லை. அவர் பிழைத்தார். திரும்பி வந்ததும் அவர் பார்த்தது, பாதியில் வெளியேறியவர்கள் என்ற தலைப்பின் கீழ் தன் பெயரை.

அவர் விஷயத்தில் நடந்தது புதிராக ஒன்றும் இல்லை. வெப்பத்துக்கு உடல் பழக 7 முதல் 14 நாள் ஆகும், ஒரு வாரம் விலகியிருந்தாலே அந்தப் பழக்கம் குறையத் தொடங்கும். புதிதாகச் சேர்ந்தவருக்கு முதல் நாள் 20 சதவீத நேரம்தான் வெப்பத்தில் வேலை, பிறகு நாளுக்கு 20 சதவீதம் மட்டும் கூட்ட வேண்டும் என்கிறது அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ். முன்பு பழகியிருந்து விடுப்பில் போய்த் திரும்பியவருக்கு முதல் மூன்று நாள் 50, 60, 80 சதவீதம், அதன் பிறகு நான்காம் நாள்தான் முழு வேலை. வேலையிடத்தில் வெப்பத்தால் நேரும் மரணங்களில் கிட்டத்தட்ட பாதி, அந்த ஆளின் முதல் நாள் வேலையிலேயே நேர்கிறது என்று அதே நாட்டின் தொழில் பாதுகாப்பு நிர்வாக அமைப்பான ஓஷா சொல்கிறது. இன்னொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பழகிய உடல் சீக்கிரமாகவும் அதிகமாகவும் வியர்க்கும். திறந்த வெளியில் அது பலம். எங்கள் உடைக்குள் அந்த வியர்வை உலர வழியில்லாததால் பலன் மிகக் குறைவு, நீரிழப்புதான் கூடும். எனவே 'இவர் பழைய ஆள், தாங்குவார்' என்ற பேச்சும் இந்த உடைக்குப் பொருந்தாது.

நீங்கள் திட்டமிட்டிருக்கும் சோதனை என்ன அளக்கும் என்று யோசித்தீர்களா? குளிரூட்டிய அறையில் உடையோடு ட்ரெட்மில்லில் நடக்க வைத்து, கடைசி வரை நிறுத்தச் சொல்லாதவரைத் தேர்ந்தெடுக்கப் போகிறீர்கள். உடல் தகுதி உள்ளவருக்கும் இந்த உடைக்குள் வெப்பம் ஏறத்தான் செய்யும், அவர் மற்றவர்களைவிடக் கூடுதல் வெப்பநிலை வரை நிற்பார், அவ்வளவுதான். அதாவது வெளியே வரும்போது ஆபத்துக்கு இன்னும் பக்கத்தில் இருப்பார். தலைச்சுற்றலையும் குமட்டலையும் சொல்லாமல் மறைக்கத் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து, அவர்களையே மிக மோசமான இடத்துக்கு அனுப்புகிற சோதனை இது. வேலை போய்விடுமோ என்ற பயத்தில் எல்லோரும் மறைப்பார்கள். ஏற்கெனவே மறைக்கத் தொடங்கிவிட்டார்கள். பட்டியல் ஒட்டிய நாளிலிருந்து என் ஆட்கள் யாரும் ரேடியோவில் 'முடியல' என்று சொல்வதில்லை. முன்பு சொல்வார்கள். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு இருந்த எச்சரிக்கை மணி, அதை நீங்கள் ஒரு தாளைக் கொண்டு நிறுத்திவிட்டீர்கள்.

வெளியே வருகிறவர்களை நெற்றியில் கருவி வைத்துப் பார்த்ததில் யாருக்கும் 37.5-ஐத் தாண்டவில்லை என்று ஆதாரம் காட்டியிருக்கிறீர்கள். அந்தக் கருவி அளப்பது தோலின் மேற்பரப்பை. உடையைத் திறந்ததும் நனைந்த நெற்றியில் காற்று பட்டு வியர்வை உலரும், தோல் குளிரும், உள்ளே 39 இருந்தாலும் அது அழகாக ஓர் எண்ணைக் காட்டும். நாடித் துடிப்பு இதைவிட உண்மை பேசும். வேலையின்போது துடிப்பு, 180-இலிருந்து வயதைக் கழித்தால் வரும் எண்ணுக்கு மேலேயே சில நிமிடங்கள் நின்றால் நிறுத்த வேண்டும். வேலையை நிறுத்தி ஒரு நிமிடம் கழித்தும் 120-க்கு மேல் இருந்தால் அவரை மறுபடி உள்ளே அனுப்பக் கூடாது. மணிக்கட்டைப் பிடிக்க ஒரு விரலும் ஒரு கடிகாரமும் போதும். எடை பார்ப்பதும் அப்படித்தான். உள்ளே போகும் முன்பும் வந்த பிறகும் எடை போட்டால் எவ்வளவு நீர் போயிருக்கிறது என்று தெரியும். ஷிப்ட் முடியும்போது உடல் எடையில் 1.5 சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கக் கூடாது, 70 கிலோ ஆளுக்கு அது சுமார் ஒரு லிட்டர்தான். முகமூடி போட்டபடி குடிக்க முடியாது என்பதால் அந்த ஒரு லிட்டர் எவ்வளவு வேகமாகப் போகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தரப்பு எனக்குப் புரியாமல் இல்லை. ஒவ்வொருமுறை வெளியே வரும்போதும் உடையைக் கழுவ வேண்டும், கழற்ற வேண்டும், புதிய உடை வேண்டும், அதில் நேரமும் செலவும் போகிறது. உண்மைதான். அதற்கு வழி, ஒரே ஆளை இரண்டு மணி நேரம் உள்ளே வைப்பது இல்லை. இரண்டு குழு வைத்து மாற்றி மாற்றி அனுப்புங்கள், ஒரு குழு குளிர்ந்துகொண்டிருக்கும்போது இன்னொன்று உள்ளே இருக்கும், தொட்டி ஒரு நிமிடமும் சும்மா இருக்காது. அதிகாலையில் தொடங்குங்கள். சுரண்டும் வேலையில் எவ்வளவை வெளியிலிருந்து நீரைப் பீய்ச்சியே முடிக்கலாம் என்று பாருங்கள், உள்ளே ஆளே போகாத நேரம்தான் எங்களுக்கு மிகப் பாதுகாப்பான நேரம். ஓய்வு அறையில் பெரிய மின்விசிறி வைத்திருப்பதாகச் சொன்னீர்கள், நன்றி, ஆனால் உடையைக் கழற்றாமல் அதன் முன் உட்கார்ந்தால் காற்று தோலைத் தொடாது, ஒரு பயனும் இல்லை.

உலகில் ஒவ்வொரு வருடமும் வேலையிட வெப்பத்தால் 18,970 பேர் இறக்கிறார்கள் என்பது சர்வதேச தொழிலாளர் அமைப்பு 2024-இல் வெளியிட்ட மதிப்பீடு. அந்த எண்ணில் எங்களில் யாரும் சேர வேண்டாம்.

நாங்கள் கேட்பது இவை. இரண்டு மணி நேர உத்தரவை உடனே திரும்பப் பெறுங்கள். ஒரு டபிள்யூ.பி.ஜி.டி. கருவி வாங்கி, தொட்டிக்குள்ளும் வெளியேயும் அளந்து, உடைக்கான 11 டிகிரியைச் சேர்த்து, அன்றன்றைக்கு நேர வரம்பு போடுங்கள். அது வரும் வரை எந்தச் சூழ்நிலையிலும் 30 நிமிடத்துக்கு மேல் யாரையும் உள்ளே வைக்க நான் சம்மதிக்க மாட்டேன், அதைவிடக் குறைவாகவும் தேவைப்படலாம். வெளியே வந்தவர் உடையை முழுசாகக் கழற்றி, முன்கைகளைக் குளிர்ந்த நீரில் வைத்து, நீர் குடித்து, நாடி இறங்கிய பிறகுதான் அடுத்த முறை, அதுவும் எத்தனை நிமிடம் ஆனாலும் சரி. முன்கைகளை முக்க இரண்டு தொட்டிகள், ஆளை முக்கி வைக்க ஒரு பெரிய தொட்டி, ஷிப்ட் முழுக்கப் பனிக்கட்டி, இவை மேன்ஹோலுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும், முதலுதவி அறையில் பூட்டி இருக்கக் கூடாது. முதலுதவி செய்பவர்களுக்கு முதலில் குளிர்விக்கும் முறையைப் பழக்குங்கள். பனிக்கட்டி அங்கி வாங்குவதானால் வாங்குங்கள், ஆனால் அது உருகிய பிறகு வெறும் சுமை, அதைக் காட்டி நேரத்தை நீட்டக் கூடாது.

புதியவர்களுக்கும் விடுப்பிலிருந்து திரும்புகிறவர்களுக்கும் மேலே சொன்ன படிப்படியான நாள்கணக்கை எழுத்தில் போடுங்கள், ஆள் இல்லை என்று யாரும் அதை மீற முடியாதபடி. ரத்த அழுத்தத்துக்கோ ஒவ்வாமைக்கோ மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை மருத்துவரிடம் மட்டும் ரகசியமாகச் சொல்ல வழி செய்யுங்கள். இவற்றில் சில மாத்திரைகள் வெப்பத்தைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும், ஆனால் இப்போதைய நிலையில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

சோதனையைக் கைவிடுங்கள். அதற்குப் பதிலாக, உள்ளே இருக்கும் யாரும் எந்த நேரத்திலும் காரணம் சொல்லாமல் வெளியே வரலாம், வெளியே நிற்கும் பொறுப்பாளர் யாரையும் எந்த நேரத்திலும் வெளியே கூப்பிடலாம், இரண்டுக்கும் பதிவோ சம்பளப் பிடித்தமோ கிடையாது என்று ஒரு வரி எழுதி ஒட்டுங்கள்.

அந்தப் பட்டியலை நாளைக் காலை ஷிப்டுக்கு முன் எடுத்துவிடுங்கள். அடுத்த தொட்டிக்கான வேலை அனுமதிச் சீட்டு என் கையெழுத்துக்கு வருவதற்குள் மற்றவற்றுக்கு எழுத்தில் பதில் வேண்டும். பதில் வராத சீட்டில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

இப்படிக்கு,
தொட்டி சுத்தம் செய்யும் பிரிவின் குழுப் பொறுப்பாளர்